ஃபைனான்ஸ் லீஸா, ஆபரேட்டிங் லீஸா? குத்தகையை வகைப்படுத்தும் முழுமையான வழிகாட்டி

ஒரு குத்தகை ஒப்பந்தத்தைக் கணக்காளரிடம் கொடுத்து, "இது ஃபைனான்ஸ் லீஸா, ஆபரேட்டிங் லீஸா?" என்று கேட்டால், பெரும்பாலும் அவர் கை முதலில் கால்குலேட்டரைத் தேடும். 75 சதவீதம் தாண்டுகிறதா, 90 சதவீதம் தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டு விடை சொல்லிவிடுவார். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தேன். ஒப்பந்தங்களைப் படிக்கப் படிக்கத்தான் ஒன்று தெரிந்தது: சதவீதக் கணக்கு வரும் முன்பே விடை பாதி முடிவாகியிருக்கும். குத்தகைக் காலம் எத்தனை ஆண்டு, எந்தத் தொகை கணக்கில் சேரும், யார் எதற்கு உத்தரவாதம் கொடுத்திருக்கிறார் என்பதை ஒப்பந்தத்திலிருந்து சரியாக எடுத்தால் சோதனை தானாக நடக்கும். தவறாக எடுத்தால், எவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்டாலும் விடை தவறுதான். அதனால் இந்த வழிகாட்டியில் சோதனைகளுக்கு முந்தைய படிகளுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

சொத்தைப் பயன்படுத்தும் உரிமையை வாங்கிக்கொள்பவரை இங்கே 'எடுப்பவர்' என்றும், சொத்தை வைத்திருந்து குத்தகைக்கு விடுபவரைக் 'கொடுப்பவர்' என்றும் சொல்கிறேன்.

அடிப்படைக் கேள்வி

சட்டப்படி சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பதை வைத்து வகை முடிவாவதில்லை. சொத்துக்குச் சொந்தக்காரராக இருப்பதால் வரும் ஆபத்தும் பலனும் யாருக்குப் போகின்றன என்பதே கேள்வி. இயந்திரம் மூன்றாம் ஆண்டிலேயே காலாவதித் தொழில்நுட்பமாகிவிட்டால் நஷ்டம் யாருக்கு? சும்மா கிடந்தால் யாருக்கு இழப்பு? விலை ஏறினால் லாபம் யாருக்கு? இவை ஏறக்குறைய முழுவதும் எடுப்பவர் பக்கம் போய்விட்டால் அது ஃபைனான்ஸ் லீஸ். பெயர் குத்தகை என்றாலும் உள்ளடக்கத்தில் கடனுக்கு வாங்கியது போல. அப்படிப் போகவில்லை என்றால் ஆபரேட்டிங் லீஸ்.

இந்த எளிய கேள்விக்கு ஏன் இத்தனை விதிகள் என்றால், அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1976இல் அமெரிக்காவின் கணக்கியல் தரநிலை வாரியமான எஃப்ஏஎஸ்பி வெளியிட்ட 13ஆம் எண் தரநிலை, குத்தகைக் காலம் சொத்தின் ஆயுளில் 75 சதவீதத்தை எட்டினாலோ, செலுத்தும் தொகையின் இன்றைய மதிப்பு (பின்னால் கட்டப்போவதை வட்டி கழித்து இன்றைய பணமாகக் கணக்கிட்டது) சொத்தின் நியாய மதிப்பில் (சந்தையில் அதற்குக் கிடைக்கும் விலை) 90 சதவீதத்தை எட்டினாலோ அது மூலதனக் குத்தகை (ஃபைனான்ஸ் லீஸின் அன்றைய அமெரிக்கப் பெயர்) என்று கோடு போட்டது. கோடு போட்டதும், கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. ஆபரேட்டிங் லீஸ் என்றால் அன்று இருப்புநிலைக் குறிப்பில் கடனே தெரியாது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் 2005ஆம் ஆண்டு அறிக்கை, இப்படி வெளியே நின்ற குத்தகைக் கடப்பாடுகள் ஏறத்தாழ 1.25 டிரில்லியன் டாலர் என்று மதிப்பிட்டது. சர்வதேசக் கணக்கியல் தரநிலை வாரியமான ஐஏஎஸ்பியின் தலைவராக இருந்த டேவிட் ட்வீடி, ஒரு விமான நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் உண்மையிலேயே இருக்கும் விமானத்தில் ஒருமுறையாவது பறந்துவிட வேண்டும் என்று சொன்னது இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. அதன் விளைவாக 2016இல் இரண்டு புதிய தரநிலைகள் வந்தன: ஜனவரியில் ஐஏஎஸ்பியின் ஐஎஃப்ஆர்எஸ் 16, பிப்ரவரியில் அமெரிக்காவின் ஏஎஸ்சி 842.

படி 1: எந்தத் தரநிலை, எந்தப் பக்கம்?

இதைக் கேட்காமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது. வகைப்படுத்தும் வேலை உங்களுக்கு இருக்கிறதா என்பதே இங்கேதான் தெரியும்.

ஐஎஃப்ஆர்எஸ் 16இல் எடுப்பவருக்கு வகைப்பாடே கிடையாது. 12 மாதம் அல்லது அதற்குக் குறைந்த குத்தகை, குறைந்த மதிப்புள்ள சொத்து ஆகிய இரண்டு விலக்குகளைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பயன்பாட்டு உரிமையைச் சொத்தாகவும், செலுத்த வேண்டியதைக் கடனாகவும் காட்ட வேண்டும். கொடுப்பவர் மட்டும் பழையபடி ஃபைனான்ஸ், ஆபரேட்டிங் என்று பிரிக்கிறார். இந்தியாவின் இண்ட் ஏஎஸ் 116உம் இதே வழிதான்.

ஏஎஸ்சி 842இல் இரு பக்கமும் வகைப்படுத்த வேண்டும். எடுப்பவருக்கு ஃபைனான்ஸ், ஆபரேட்டிங் என்று இரண்டு வகை. இரண்டுமே இருப்புநிலைக் குறிப்பில் ஏறும். செலவு பதிவாகும் விதம்தான் மாறும். கொடுப்பவருக்கு மூன்று வகை: விற்பனை வகை, நேரடி நிதியளிப்பு, ஆபரேட்டிங்.

சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான ஐஎஃப்ஆர்எஸ் தரநிலையின் 20ஆம் பிரிவு, இந்தியாவின் ஏஎஸ் 19 ஆகியவற்றில் பழைய உலகம் அப்படியே இருக்கிறது. எடுப்பவரும் வகைப்படுத்த வேண்டும். ஆபரேட்டிங் என்றால் குத்தகை இருப்புநிலைக் குறிப்புக்கு வராது. ஆகவே இந்தத் தரநிலைகளில் வகைப்பாட்டுத் தவறின் விளைவு மிகப் பெரியது.

படி 2: உள்ளே இருப்பது குத்தகைதானா?

தலைப்பில் 'லீஸ்' என்று இருப்பதால் மட்டும் அது குத்தகை ஆகிவிடாது. 'சேவை ஒப்பந்தம்' என்று எழுதியிருப்பதால் குத்தகை இல்லாமலும் போய்விடாது. அடையாளம் காணத்தக்க ஒரு சொத்து இருக்க வேண்டும். அதன் பொருளாதாரப் பலன் ஏறக்குறைய முழுவதும் வாடிக்கையாளருக்குக் கிடைக்க வேண்டும். அதை எப்படி, எதற்குப் பயன்படுத்துவது என்று முடிவு செய்யும் உரிமையும் அவரிடம் இருக்க வேண்டும். வழங்குபவர் தன் வசதிக்காக எப்போது வேண்டுமானாலும் வேறு சொத்தை மாற்றி வைக்கலாம், அதனால் அவருக்கு ஆதாயமும் உண்டு என்றால் அங்கே குத்தகை இல்லை.

குத்தகை உண்டு என்றால், அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பராமரிப்பு, இயந்திரத்தை இயக்குபவரின் சம்பளம், சுத்தம் செய்தல் போன்ற சேவைகளுக்கான தொகையைப் பிரித்தெடுங்கள். பிரிக்காமல் மொத்தத் தொகையையும் சோதனையில் போட்டால் இன்றைய மதிப்பு ஊதிப்போய், ஆபரேட்டிங் லீஸ் ஃபைனான்ஸாகத் தெரியும். சேவையைப் பிரிக்காமல் சேர்த்தே கணக்கிட எடுப்பவருக்குச் சலுகை உண்டு. ஆனால் ஏஎஸ்சி 842இல் அந்தச் சலுகையை எடுத்தால் வகைப்பாடு மாறக்கூடும் என்பதை முன்கூட்டியே பாருங்கள்.

படி 3: எந்த நாளில் நின்று பார்க்கிறோம்?

ஐஎஃப்ஆர்எஸ் 16இல் ஒப்பந்த நாளில் வகைப்படுத்த வேண்டும். அதாவது கையெழுத்தான நாள், அல்லது முக்கிய நிபந்தனைகளுக்கு இரு தரப்பும் கட்டுப்பட்ட நாள், இவற்றில் எது முந்தியதோ அது. ஏஎஸ்சி 842இல் சொத்து பயன்பாட்டுக்குக் கிடைக்கும் தொடக்க நாள். கட்டி முடிக்க இரண்டு ஆண்டு ஆகும் கட்டடம் என்றால் இந்த இரு நாட்களுக்கும் நடுவில் நியாய மதிப்பும் வட்டி வீதமும் கணிசமாக மாறியிருக்கும்.

படி 4: குத்தகைக் காலம்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள்.

முதலில் ரத்து செய்ய முடியாத காலம். அதோடு, எடுப்பவர் நீட்டிப்பார் என்பது நியாயமான அளவுக்கு உறுதி என்றால் நீட்டிப்புக் காலத்தையும், முன்கூட்டியே முறிக்க மாட்டார் என்பது அதே அளவுக்கு உறுதி என்றால் முறிப்பு உரிமைக்குப் பிந்தைய காலத்தையும் சேர்க்க வேண்டும். முறிக்கும் உரிமை கொடுப்பவருக்கு மட்டும் இருந்தால் அதைக் கண்டுகொள்ளாதீர்கள். அந்தக் காலமும் ரத்து செய்ய முடியாத காலம்தான். இரு தரப்பும் மற்றவர் அனுமதியின்றி, பெரிய இழப்பில்லாமல் முறித்துக்கொள்ளலாம் என்ற கட்டம் வந்துவிட்டால், அதற்குப் பின் ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது. அங்கே காலம் நின்றுவிடும்.

'பெரிய இழப்பு' என்பதை ஒப்பந்தத்தில் எழுதிய அபராதத் தொகையாக மட்டும் பார்ப்பது அடிக்கடி நடக்கும் தவறு. ஐஎஃப்ஆர்எஸ் விளக்கக் குழு 2019 நவம்பரில் இதைத் தெளிவாக்கியது: ஒப்பந்தத்தின் பரந்த பொருளாதார நிலையைப் பார்க்க வேண்டும். பெரும் செலவில் உள்கட்டமைப்பு செய்த இடத்தை ஒரு மாத நோட்டீஸில் விட்டுப் போகலாம் என்று காகிதம் சொல்லும். போனால் அந்தச் செலவு முழுக்கப் பாழ். அதுவும் அபராதம்தான்.

நீட்டிப்பார்களா என்பதை நிர்வாகத்திடம் கேட்டால் "இன்னும் முடிவு செய்யவில்லை" என்றுதான் பதில் வரும். அவர்கள் எண்ணத்தை விட, நீட்டிக்காமல் இருந்தால் என்ன இழப்பு என்று கேளுங்கள். நீட்டிப்பு வாடகை சந்தை வாடகையை விடக் குறைவா, இடத்தில் எவ்வளவு செலவழித்திருக்கிறார்கள், அந்தச் சொத்து இல்லாமல் தொழில் ஓடுமா, மாற்று கிடைக்க எவ்வளவு காலம், இடம் மாற எவ்வளவு செலவு, இதற்கு முன் இதே மாதிரிச் சொத்துகளை எத்தனை காலம் வைத்திருந்தார்கள் என்று வரிசையாகக் கேட்டால் விடை தெளியும்.

படி 5: எந்தத் தொகைகள் சேரும்?

நிலையான தவணைகள் சேரும். பெயரளவில் மாறக்கூடியதாக எழுதப்பட்டு, நடைமுறையில் தவிர்க்க முடியாத தொகையும் நிலையானதுதான். விலைவாசிக் குறியீடு அல்லது வட்டி வீதத்தோடு கட்டிய தொகை, தொடக்க நாளில் உள்ள குறியீட்டின்படி சேரும். உறுதியாகப் பயன்படுத்தப்போகும் வாங்கும் உரிமையின் விலையும், குத்தகைக் காலம் முறிப்பை உள்ளடக்கியிருந்தால் முறிப்புக் கட்டணமும் சேரும். கொடுப்பவர் தரும் ஊக்கத்தொகையைக் கழித்துவிட வேண்டும்.

விற்பனை அளவையோ, ஓடிய மணிநேரத்தையோ பொறுத்து மாறும் தொகை சேராது. இதன் விளைவு சிலருக்கு வியப்பாக இருக்கும்: வாடகை முழுவதும் விற்பனைச் சதவீதமாக இருக்கும் குத்தகையில், சோதனைக்கான இன்றைய மதிப்பு பூஜ்யம்.

எஞ்சிய மதிப்பு உத்தரவாதம் தனிக் கவனம் கேட்கும் விஷயம். குத்தகை முடியும்போது சொத்தின் மதிப்பு இவ்வளவுக்குக் கீழே போனால் குறையை நான் தருகிறேன் என்று எடுப்பவர் ஒப்புக்கொண்டால், ஏஎஸ்சி 842 வகைப்பாட்டில் அந்த உத்தரவாதத்தின் முழுத் தொகையும் சேரும். அவர் உண்மையில் கட்ட நேருமா என்பது இங்கே பொருட்டல்ல. ஆனால் கடனின் அளவைக் கணக்கிடும்போது கட்ட நேரும் என்று எதிர்பார்க்கும் தொகை மட்டுமே சேரும். ஒரே எக்செல் தாளில் இரண்டையும் செய்பவர்கள் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். இரண்டு தனித் தாள் வைத்துக்கொள்ளுங்கள். ஐஎஃப்ஆர்எஸ் 16இல் கொடுப்பவர் கணக்கிடும்போது, தனக்குத் தொடர்பில்லாத, பணம் கட்டும் வலிமையுள்ள மூன்றாம் நபர் தரும் உத்தரவாதமும் சேரும்.

படி 6: வட்டி வீதம், நியாய மதிப்பு, ஆயுள்

கொடுப்பவர் குத்தகைக்குள் அடங்கிய வீதத்தைப் பயன்படுத்துவார். தவணைகளின் இன்றைய மதிப்பையும், உத்தரவாதமில்லாத எஞ்சிய மதிப்பின் இன்றைய மதிப்பையும் கூட்டினால், சொத்தின் நியாய மதிப்பும் கொடுப்பவரின் ஆரம்ப நேரடிச் செலவும் (தரகு போல, இந்தக் குத்தகையைப் பிடிக்கவே செய்த செலவு) சேர்ந்த தொகை வர வேண்டும். எந்த வீதத்தில் வருகிறதோ அதுதான் அந்த வீதம். எடுப்பவருக்கு இது பெரும்பாலும் தெரியாது. எஞ்சிய மதிப்பு பற்றிய கொடுப்பவரின் கணிப்பு அவர் கைக்கு வராதே. அப்போது அதே காலத்துக்கு, அதே போன்ற பிணையோடு கடன் வாங்கினால் தன்னிடம் கேட்கப்படும் வட்டியைப் பயன்படுத்துவார். வீதத்தைக் கொஞ்சம் ஏற்றினாலே இன்றைய மதிப்பு குறைந்து 90 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும் என்பதால், வீதத்துக்கான ஆதாரத்தை வங்கிக் கடிதமோ சமீபத்திய கடன் ஒப்பந்தமோ வைத்துக் கோப்பில் சேருங்கள்.

ஆயுள் என்பதில் ஒரு குழப்பம் உண்டு. நிறுவனம் தேய்மானத்துக்கு வைத்திருக்கும் பயன்பாட்டு ஆயுள் வேறு, பொருளாதார ஆயுள் வேறு. முன்னது ஒருவர் எத்தனை ஆண்டு பயன்படுத்துவார் என்பது. பின்னது ஒருவரோ பலரோ அடுத்தடுத்துப் பயன்படுத்தினாலும் அந்தச் சொத்து எத்தனை ஆண்டு பொருளாதார ரீதியாகப் பயன்படும் என்பது. சோதனைக்குப் பின்னதுதான் வேண்டும்.

படி 7: ஐந்து சோதனைகள்

ஏஎஸ்சி 842இல் ஐந்தில் ஒன்று பொருந்தினாலும் எடுப்பவருக்கு ஃபைனான்ஸ் லீஸ், கொடுப்பவருக்கு விற்பனை வகை. ஐஎஃப்ஆர்எஸ் 16இல் இவற்றை ஒத்த ஐந்து சூழ்நிலைகள் தனியாகவோ சேர்ந்தோ 'பொதுவாக' ஃபைனான்ஸ் லீஸுக்கு இட்டுச்செல்லும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. அந்தப் 'பொதுவாக' என்ற சொல்லில் பெரிய வேறுபாடு இருக்கிறது; அதைப் படி 8இல் பார்ப்போம்.

1. குத்தகை முடியும்போது உரிமை எடுப்பவருக்கு மாறுகிறதா?
2. வாங்கும் உரிமை இருந்து, அதைப் பயன்படுத்துவது நியாயமான அளவுக்கு உறுதியா? ஐஎஃப்ஆர்எஸ் இங்கே விலையைப் பார்க்கிறது: அன்றைய நியாய மதிப்பை விடப் போதிய அளவு மலிவாக இருக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறதா?
3. குத்தகைக் காலம் பொருளாதார ஆயுளின் பெரும்பகுதியா? ஏஎஸ்சி 842 'மீதமுள்ள' ஆயுளைப் பார்க்கிறது. சொத்து தன் ஆயுளின் கடைசிக் கட்டத்தில் இருக்கும்போது தொடங்கும் குத்தகைக்கு இந்தச் சோதனையே பொருந்தாது.
4. தவணைகளின் இன்றைய மதிப்பு நியாய மதிப்பில் ஏறக்குறைய முழுவதுமா?
5. சொத்து மிகவும் தனித்தன்மையானதா? பெரிய மாற்றமின்றி எடுப்பவர் மட்டுமே பயன்படுத்த முடியும் என்கிறது ஐஎஃப்ஆர்எஸ். குத்தகை முடிந்ததும் கொடுப்பவருக்கு வேறு பயன் இருக்காது என்கிறது ஏஎஸ்சி. ஒரே தொழிற்சாலைக்குள் மட்டும் ஓடும் குழாய்ப்பாதை, ஒரே பொருளை வார்க்கும் அச்சு போன்றவை.

பெரும்பகுதி என்றால் 75 சதவீதம், ஏறக்குறைய முழுவதும் என்றால் 90 சதவீதம், ஆயுளின் கடைசிக் கட்டம் என்றால் இறுதி 25 சதவீதம் என்று எடுப்பது நியாயமான ஒரு அணுகுமுறை என ஏஎஸ்சி 842இன் நடைமுறை விளக்கம் சொல்கிறது. கட்டாயம் என்று சொல்லவில்லை. எடுத்தால் எல்லாக் குத்தகைக்கும் ஒரே மாதிரி எடுங்கள். ஐஎஃப்ஆர்எஸ் 16இல் எந்தச் சதவீதமும் இல்லை.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இயந்திரத்தின் நியாய மதிப்பு 10,00,000. பொருளாதார ஆயுள் 8 ஆண்டு. ரத்து செய்ய முடியாத காலம் 5 ஆண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் 1,80,000 தவணை. வீதம் 8 சதவீதம். தவணையை முன்கூட்டியே கட்டுவதால் காரணி (ஆண்டுக்கு ஒரு ரூபாய் வீதம் ஐந்து தவணையின் இன்றைய மதிப்பு) 4.31213, இன்றைய மதிப்பு 7,76,183. மீதி 2,23,817ஐ 8 சதவீதத்தில் ஐந்து ஆண்டு வளர்த்தால் ஏறத்தாழ 3,28,900 வரும். அதாவது கொடுப்பவர் ஐந்தாம் ஆண்டு முடிவில் இந்த அளவு எஞ்சிய மதிப்பை எதிர்பார்க்கிறார். ஆயுளில் எட்டில் மூன்று பங்கு மீதியிருக்கும் இயந்திரத்துக்கு இது நம்பத்தகுந்த எண். இப்படி மறுபக்கமாகச் சரிபார்ப்பதை வழக்கமாக்குங்கள். நம்ப முடியாத எஞ்சிய மதிப்பு வந்தால் வீதமோ நியாய மதிப்போ தவறு.

காலச் சோதனை 62.5 சதவீதம், இன்றைய மதிப்புச் சோதனை 77.6 சதவீதம். மற்ற மூன்றும் பொருந்தவில்லை என்றால் ஆபரேட்டிங் லீஸ்.

இப்போது அதே ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்போம்: ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஆண்டுக்கு 90,000 வீதம் இரண்டு ஆண்டு நீட்டிக்கலாம். பாதி வாடகை. நீட்டிக்காமல் விடுவது புத்திசாலித்தனம் இல்லை என்பதால் நீட்டிப்பு உறுதி என்று முடிவு செய்கிறோம். காலம் 7 ஆண்டு, அதாவது 87.5 சதவீதம். கூடுதல் தவணைகளின் இன்றைய மதிப்பு, அதே 8 சதவீதத்தில், 1,17,968. மொத்தம் 8,94,151, அதாவது 89.4 சதவீதம். இன்றைய மதிப்புச் சோதனையை மட்டும் பார்ப்பவர் "90க்குக் கீழே" என்று நிம்மதியாக மூடிவிடுவார். காலச் சோதனையோ தாண்டிவிட்டது. ஃபைனான்ஸ் லீஸ்.

இன்னொரு மாற்றம். நீட்டிப்பு இல்லை; பழைய ஐந்து ஆண்டுதான். ஆனால் எடுப்பவர் 2,00,000 எஞ்சிய மதிப்புக்கு உத்தரவாதம் தருகிறார். இன்றைய மதிப்பு 1,36,117. மொத்தம் 9,12,300, அதாவது 91.2 சதவீதம். மறுபடியும் ஃபைனான்ஸ் லீஸ். எதிர்பார்க்கும் எஞ்சிய மதிப்பு 3,28,900 என்பதால் எடுப்பவர் ஒரு பைசாகூடக் கட்ட நேராது. எனவே கடனின் அளவில் இந்தத் தொகை சேராது. ஆனாலும் வகை மாறிவிட்டது. மூன்று ஒப்பந்தத்திலும் இயந்திரம் ஒன்றுதான், அடிப்படைத் தவணையும் ஒன்றுதான்.

படி 8: ஐஎஃப்ஆர்எஸ் என்றால், கொஞ்சம் விலகி நின்று பாருங்கள்

ஐஎஃப்ஆர்எஸ் 16 மேலும் மூன்று அடையாளங்கள் தருகிறது: எடுப்பவர் முறித்தால் கொடுப்பவரின் நஷ்டத்தை அவரே ஏற்கிறாரா, எஞ்சிய மதிப்பு ஏறி இறங்குவதன் லாப நஷ்டம் எடுப்பவருக்கா, சந்தையை விட மிகக் குறைந்த வாடகையில் இரண்டாம் காலத்துக்குத் தொடர முடியுமா. நம் உதாரணத்தின் பாதி வாடகை இந்த மூன்றாவது அடையாளம்தான்.

ஒரு சோதனை பொருந்தியும் ஃபைனான்ஸ் லீஸ் ஆகாத நிலையும் உண்டு. முடிவில் உரிமை மாறுகிறது, ஆனால் அன்றைய முழு நியாய மதிப்பைக் கொடுத்தால்தான் என்றால், விலை ஏற்ற இறக்கத்தின் ஆபத்து கொடுப்பவரிடமே இருக்கிறது. அதனால் 89.4 சதவீதத்தில் நிற்கும் குத்தகையை "90 இல்லையே" என்று ஐஎஃப்ஆர்எஸ் கோப்பில் எழுதுவது எனக்கு ஒப்பாது. ஆபத்தும் பலனும் யாரிடம் என்ற வாக்கியத்தை எழுதிப் பார்த்து, எண்களை அதற்கு ஆதாரமாக வைக்க வேண்டும்.

படி 9: சிக்கலான சொத்துகள்

நிலமும் கட்டடமும் சேர்ந்த குத்தகையில் இரண்டையும் தனித்தனியே வகைப்படுத்த வேண்டும். நிலத்துக்குப் பொதுவாக ஆயுள் முடிவே இல்லை. எனவே காலச் சோதனையில் அது தேறாது. ஐஎஃப்ஆர்எஸ் 16இல் கொடுப்பவர் தவணைகளை, நிலத்திலும் கட்டடத்திலும் உள்ள குத்தகை உரிமைகளின் நியாய மதிப்பு விகிதத்தில் பிரிப்பார். நம்பகமாகப் பிரிக்க முடியாவிட்டால் முழுவதும் ஃபைனான்ஸ் லீஸ். இரண்டுமே ஆபரேட்டிங் என்பது தெளிவாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு. ஆனால் நிலம் என்றாலே ஆபரேட்டிங் என்றும் முடிவு கட்டக் கூடாது. 99 ஆண்டுக் குத்தகையில், முடிவில் திரும்பி வரும் நிலத்தின் இன்றைய மதிப்பு மிகச் சிறியதாக இருக்கலாம். அப்போது பலன் ஏறக்குறைய முழுவதும் எடுப்பவருக்குப் போயிருக்கும்.

உள்குத்தகையில் இரு தரநிலைகளும் நேர் எதிராகப் போகின்றன. 40 ஆண்டு ஆயுளுள்ள கட்டடத்தைப் பத்து ஆண்டுக்கு எடுத்த ஒருவர், நான்கு ஆண்டு கழித்து மீதி ஆறு ஆண்டுக்கும் இன்னொருவருக்கு விடுகிறார். ஏஎஸ்சி 842 கட்டடத்தைப் பார்க்கச் சொல்கிறது: 40இல் 6 என்பதால் பெரும்பாலும் ஆபரேட்டிங். ஐஎஃப்ஆர்எஸ் 16 அவர் கையிலுள்ள பயன்பாட்டு உரிமையைப் பார்க்கச் சொல்கிறது: மீதி உரிமை முழுவதையும் கொடுத்துவிட்டார், ஆகவே ஃபைனான்ஸ் லீஸ். மூலக் குத்தகைக்கு அவர் குறுகியகால விலக்கைப் பயன்படுத்தியிருந்தால் மட்டும் உள்குத்தகை ஆபரேட்டிங்.

விற்றுவிட்டுத் திரும்பக் குத்தகைக்கு எடுக்கும்போது, ஏஎஸ்சி 842இல் அந்தக் குத்தகை ஃபைனான்ஸ் லீஸ் என்று வகைப்பட்டால் விற்பனையே நடந்ததாகாது. வாங்கிய பணம் கடனாகவே நிற்கும்.

படி 10: ஏஎஸ்சி 842இல் கொடுப்பவருக்கு இன்னும் இரண்டு கேள்விகள்

ஐந்து சோதனையும் பொருந்தவில்லை என்றால் உடனே ஆபரேட்டிங் என்று எழுதிவிடாதீர்கள். தொடர்பில்லாத மூன்றாம் நபரின் உத்தரவாதத்தையும் சேர்த்தால் இன்றைய மதிப்பு ஏறக்குறைய முழுவதும் ஆகிறதா, பணம் வசூலாக அதிக வாய்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஆம் என்றால் நேரடி நிதியளிப்பு. அடுத்து, 2021இல் வந்த திருத்தம்: குறியீட்டையோ வீதத்தையோ சாராத மாறும் தவணைகள் உள்ள குத்தகை, விற்பனை வகையாகவோ நேரடி நிதியளிப்பாகவோ வகைப்பட்டு முதல் நாளே நஷ்டம் காட்டும் என்றால், அதை ஆபரேட்டிங்காக வைக்க வேண்டும்.

வகை மாறினால் கணக்கில் என்ன மாறும்?

நம் ஐந்து ஆண்டு உதாரணத்தை ஏஎஸ்சி 842இல் எடுப்பவர் பக்கம் நின்று பாருங்கள். ஆபரேட்டிங் என்றால் ஒவ்வோர் ஆண்டும் 1,80,000 ஒரே செலவு. உத்தரவாதத்தால் ஃபைனான்ஸ் ஆன வடிவத்தில், முதல் தவணை கட்டியபின் நிற்கும் 5,96,183க்கு 47,695 வட்டி. பயன்பாட்டு உரிமையின் ஆண்டுத் தேய்மானம் 1,55,237. முதல் ஆண்டுச் செலவு 2,02,932. ஐந்தாம் ஆண்டில் வட்டி தீர்ந்துபோய் 1,55,237 மட்டும். ஐந்து ஆண்டு மொத்தம் இரண்டிலும் 9,00,000தான். பணப்புழக்க அறிக்கையில் ஆபரேட்டிங் தவணை முழுவதும் இயக்க நடவடிக்கையில் வரும். ஃபைனான்ஸில் அசல் பகுதி நிதி நடவடிக்கைக்குப் போகும். வங்கிக் கடன் நிபந்தனைகளைக் கண்காணிப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கொடுப்பவருக்கு ஆபரேட்டிங் என்றால் இயந்திரம் அவர் ஏட்டிலேயே இருக்கும். வாடகை வருமானம், தேய்மானச் செலவு. ஃபைனான்ஸ் என்றால் இயந்திரம் ஏட்டை விட்டுப் போய், குத்தகையில் நிகர முதலீடு என்ற வரவேண்டிய தொகை உட்காரும். நம் உதாரணத்தில் முதல் தவணை வந்தபின் 8,20,000. அதற்கு முதல் ஆண்டு வட்டி வருமானம் 65,600.

படி 11: மறுபடி எப்போது பார்ப்பது?

ஐஎஃப்ஆர்எஸ் 16இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டால் மட்டும். ஆயுள் மதிப்பீடு மாறினாலும், எஞ்சிய மதிப்பு சரிந்தாலும், எடுப்பவர் தவணை தவறினாலும் வகை மாறாது. ஏஎஸ்சி 842இல் தனி ஒப்பந்தமாகக் கருதப்படாத திருத்தம் வந்தால் இரு பக்கமும் மறுபடி பார்க்க வேண்டும். எடுப்பவர் கூடுதலாக, குத்தகைக் காலமோ வாங்கும் உரிமை பற்றிய முடிவோ மாறும்போதும் பார்க்க வேண்டும். இயந்திரத்தைச் சுற்றிப் பெரிய செலவு செய்துவிட்டு "நீட்டிப்பு இன்னும் உறுதியில்லை" என்று பழைய கோப்பையே தொடர்வது தணிக்கையில் நிற்காது.

படி 12: எழுதி வையுங்கள்

ஒவ்வொரு குத்தகைக்கும் இரண்டு பக்கக் குறிப்பு போதும். எந்தத் தரநிலை, எந்தப் பக்கம், எந்த நாள். காலத்தை எப்படி முடிவு செய்தோம், எந்த விதியைப் படித்து. எந்தத் தொகை சேர்ந்தது, எது சேரவில்லை. வீதமும் நியாய மதிப்பும் எங்கிருந்து வந்தன. ஐந்து சோதனையின் விடை. ஒரு சோதனை எல்லைக்கு அருகில் நின்றால், வீதத்தை ஒரு சதவீதம் ஏற்றி இறக்கினால் என்ன ஆகும் என்ற கணக்கையும் அதே தாளில் போடுங்கள். நம் 7 ஆண்டு உதாரணத்தில் 8க்குப் பதில் 7 சதவீதம் என்றாலே இன்றைய மதிப்பு 90ஐத் தாண்டிவிடும். தணிக்கையாளர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.